கணினித் திரையின் வேகமும் விலையும்

ஒரே உருவும் ஒரே அளவும் உடைய இரு பொருள்கள் வேறு வேறு விலைக்கு விற்கப்படுமாயின், அவ்வேற்றுமையின் காரணத்தை ஆராய்ந்த பின்னரே அவற்றுள் ஒன்றைக் கொள்ளல் முறையாகும். காரணம் அறியாது கூடிய விலை கொடுப்போன் ஏமாறலுங் கூடும்; காரணம் அறியாது குறைந்த விலையையே நாடுவோன் பின்னர் வருந்தலுங் கூடும். இந்நாளில் நம் மாணவர் பலரும், அவர்தம் பெற்றோரும், கல்லூரிக்கு உதவ விழையும் பழைய மாணவரும் எதிர்நோக்கும் அத்தகைய பொருள்களுள் ஒன்று கணினித் திரையாகும்.

பதுளையிலோ பண்டாரவளையிலோ கணினிப் பொருள் விற்கும் கடையொன்றிற் புகுவோர், 24 அங்குலத் திரைகள் இரண்டு அருகருகே இருக்கக் காண்பர். ஒன்றன் பெட்டியில் 60 ஹேர்ட்ஸ் அல்லது 75 ஹேர்ட்ஸ் என்று எழுதப்பட்டிருக்கும். மற்றதன் பெட்டியில் 240 ஹேர்ட்ஸ் என்று எழுதப்பட்டிருக்கும். பின்னையதன் விலை முன்னையதன் விலையினும் வெகுவாகக் கூடியது. கண்ணாடியின் பரப்பும் ஒன்றே, புள்ளிகளின் தொகையும் ஒன்றே. அங்ஙனமாயின் அவ்வெண் ஒன்றிற்காகவா இத்துணை விலை? தோட்டத்திலே தாய் தந்தையர் உழைக்கும் வீட்டில், "இது இருந்தாற்றான் விளையாட முடியும்" என்று மகன் கேட்கும்பொழுது, அதற்கு விடை சொல்ல வேண்டியவர் பெற்றோரே. அவர்க்கும் மாணவர்க்கும் பயன்படுமாறு இவ்விலையின் காரணங்களை ஈண்டு இயன்றவரை எளிதாக விளக்க முயல்வாம்.

படம் அசையும் விதம்

அசையும் படம் என்று நாம் கூறுவது உண்மையில் அசையாப் படங்களின் வரிசையே. திரைப்படக் கொட்டகையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் காட்டப்படும். அவ்வளவோடு விட்டால் ஒளி விட்டு விட்டுத் துடிப்பது கண்ணை உறுத்துமாதலின், ஒவ்வொரு படத்தையும் இருமுறை அல்லது மும்முறை ஒளிரச் செய்யும் மூடியொன்று ஒளிவீழ்த்தியிற் சுழலும். படத்தை மாற்றும் வீதம் வேறு, அதனைக் கண்ணுக்குக் காட்டும் வீதம் வேறு என்னும் இவ்வேற்றுமை நினைவிற் கொள்ளத்தக்கது. கணினியிலும் இது மீண்டும் வரும்.

தொலைக்காட்சி வந்தபொழுது, படத்தைக் காட்டும் வீதத்தை அவ்வந்நாட்டு மின்னோட்டத்தின் மீடிறனோடு இணைத்தனர். அமெரிக்காவில் மின்னோட்டம் நொடிக்கு 60 சுற்று உடையது. ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் 50 சுற்று. ஆகவே 1979இல் இலங்கையிற் தொடங்கிய தொலைக்காட்சியும், 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கிய ரூபவாகினியும், 625 வரிகளை உடைய படத்தை நொடிக்கு 50 அரைப்படங்களாகவே அனுப்பின. கணினியோ பெரும்பாலும் அமெரிக்காவில் வளர்ந்தது. ஆதலின் 60 என்னும் எண்ணே கணினித் திரைக்கு நெடுங்காலம் வழக்கமான அளவாய் நிலைத்தது. அவ்வெண் கண்ணின் இயல்பை அளந்து எடுத்த எண் அன்று; மின்னாக்கி நிலையத்திலிருந்து வந்த எண் என்றே கூறலாம்.

ஒரு திரை தன்னிடத்துள்ள படத்தை ஒரு நொடியில் எத்தனை முறை புதிதாக எழுதுகின்றதோ அத்தொகையே அதன் புதுப்பிப்பு வீதம் எனப்படும். 60 ஹேர்ட்ஸ் திரை ஒரு படத்தை எழுத எடுக்கும் காலம் ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன். 144 ஹேர்ட்ஸ் திரைக்கு 6.9 மில்லிசெக்கன். 240 ஹேர்ட்ஸ் திரைக்கு 4.2 மில்லிசெக்கன்.

வீதம் கூடுவதாற் பெறும் நன்மை யாது? பழைய கண்ணாடிக் குழாய்த் திரையில் ஒவ்வொரு புள்ளியும் மின்னி உடனே மறையும். இக்காலத்துத் திரையிலோ ஒரு படம் அடுத்த படம் வரும்வரை அப்படியே நிற்கும். ஆனால் ஓடும் பொருளைத் தொடரும் நம் கண் நிற்பதில்லை. கண் நகர, படம் நிற்க, பொருளின் விளிம்பு மங்கித் தோன்றும். நொடிக்கு 960 புள்ளி தூரம் ஓடும் உருவத்தை எடுத்துக்கொள்வோம். 60 ஹேர்ட்ஸ் திரையில் அதன் விளிம்பு ஏறத்தாழ 16 புள்ளி அகலத்துக்கு மங்கும். 120 ஹேர்ட்ஸில் 8 புள்ளி. 240 ஹேர்ட்ஸில் 4 புள்ளி. விரைந்து ஓடும் எதிரியைக் குறிபார்க்கும் விளையாட்டுகளில் இவ்வேற்றுமை வெறுங் கண்ணுக்கே புலனாகும். ஆகவே இந்நன்மை வணிகரின் கற்பனையன்று. இனி, அந்நன்மையைத் தருவதற்குத் தொழிற்சாலையார் யாது செய்ய வேண்டியிருக்கின்றது என்பதைக் காண்பாம்.

நாற்றுமேடைக்கு நீர் ஊற்றுதல்

பொதுவாக விற்கப்படும் திரையொன்று குறுக்கே 1920 புள்ளிகளும் நெடுக்கே 1080 வரிகளும் உடையது. ஒவ்வொரு புள்ளியும் செம்மை, பசுமை, நீலம் என மூன்று சிறு சாளரங்களால் ஆயது. அச்சாளரங்களின் மொத்தத் தொகை 62 இலட்சத்துக்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் திரான்சிஸ்டர் என்னும் மிகச் சிறிய கதவு ஒன்று உண்டு. அக்கதவு திறக்கும்பொழுது சாளரத்தினுள் வேண்டிய அளவு மின்னேற்றம் புகும். மூடியபின் அம்மின்னேற்றம் அடுத்த முறைவரை உள்ளே நிற்கும். மின்னேற்றத்தின் அளவுக்கேற்ப ஒளி கூடியோ குறைந்தோ வெளிப்படும்.

இதனை நம் மலையகத்தார் நன்கறிந்த ஒன்றோடு ஒப்பிடலாம். அப்புத்தளையைச் சூழ்ந்த தோட்டங்களிலே தேயிலைக் கன்றுகளை வளர்க்கும் நாற்றுமேடைகள் உள. 1080 வரிசைகள் கொண்ட பெரிய நாற்றுமேடை ஒன்றைக் கற்பனை செய்வோம். தண்ணீர்க் குழாய் ஒன்றே. காவலாளி ஒரு வரிசையின் வாய்களைத் திறந்து, அவ்வரிசைக் கன்றுகள் ஒவ்வொன்றுக்கும் அளந்த அளவு நீர் விட்டு, மூடி, அடுத்த வரிசைக்குச் செல்ல வேண்டும். ஒரு கன்றுக்கேனும் நீர் கூடவோ குறையவோ ஆகாது. ஒரு மணி நேரத்தில் ஒரு சுற்று முடிக்கும் அவனை, அதே ஒரு மணி நேரத்தில் நான்கு சுற்று முடிக்குமாறு பணித்தால் யாது நிகழும்? ஒவ்வொரு வரிசைக்கும் கிடைக்கும் காலம் நாலிலொன்றாகும். ஆயினும் ஒவ்வொரு கன்றும் பெற வேண்டிய நீரின் அளவு குறையாது. அப்பொழுது குழாய் அகல வேண்டும். வாய்கள் விரைந்து திறந்து மூட வேண்டும். கசிவு ஒழிய வேண்டும். காவலாளியும் பிழையின்றி விரைய வேண்டும்.

திரையிலும் நிகழ்வது இதுவே. 60 ஹேர்ட்ஸில் ஒவ்வொரு வரிக்கும் கிடைக்கும் காலம் ஏறத்தாழ 15.4 மைக்கிரோசெக்கன். 144 ஹேர்ட்ஸில் அது 6.4 ஆகக் குறையும். 240 ஹேர்ட்ஸில் 3.9, 360 ஹேர்ட்ஸில் 2.6. மைக்கிரோசெக்கன் என்பது நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இச்சிறு காலத்துள் 5760 சாளரங்களும் தத்தமக்குரிய மின்னேற்றத்தைச் சரியாகப் பெற வேண்டும். சிறிது குறையினும் நிறம் பிழைக்கும்; அயல் வரியின் உருவம் நிழலாகத் தோன்றும்.

கதவும் குழாயும்

மேற்கூறிய கதவுகள் பெரும்பாலும் பளிங்குருவற்ற சிலிக்கனாற் செய்யப்படுகின்றன. அப்பொருளைத் திரைக்குரிய திரான்சிஸ்டராக அமைக்கலாம் என்பதை ஸ்கொட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த லீகோம்பர், ஸ்பியர் என்போரும் அவர்தம் துணைவரும் 1979இல் வெளியிட்டனர். விசாலமான கண்ணாடியின்மீது குறைந்த செலவிற் படியவைக்கத்தக்கது என்பது அதன் சிறப்பு. அதனுள் இலத்திரன்கள் மெதுவாகவே நகரும் என்பது அதன் குறை. வீதம் கூடும்பொழுது இக்குறை பெரிதாகும்.

குறையைத் தீர்க்க மூன்று வழிகள் உள. முதலாவது, கதவைப் பெரிதாக்கல். ஆனால் கதவு ஒளியை மறைக்கும் பொருள். அது பெரிதானால் சாளரம் சிறிதாகும். பின்னால் உள்ள விளக்கின் ஒளியைக் கூட்டி அதனை ஈடுசெய்ய வேண்டும். இரண்டாவது, இலத்திரன்கள் விரைந்தோடும் வேறு பொருளைக் கையாளல். இந்தியம், கல்லியம், துத்தநாகம் ஆகியவற்றின் ஒட்சைட்டுக் கலவையாற் செய்த திரான்சிஸ்டரை யப்பானிய அறிஞர் ஹொசோனோவும் அவர் குழுவினரும் 2004இல் அறிவித்தனர். அதில் இலத்திரன்களின் அசையுந்திறன் பளிங்குருவற்ற சிலிக்கனைவிடப் பத்து மடங்கு அளவிற்குக் கூடியது. எனினும் அதனைப் பெரிய கண்ணாடியில் ஒரே சீராகப் படியவைத்தல் அரிய தொழில். மூன்றாவது, மின்னைக் கொண்டுசெல்லும் நுண்கம்பிகளை அலுமினியத்துக்குப் பதிலாகச் செம்பினால் அமைத்தல். செம்பின் தடை குறைவு. ஆயின் அது கண்ணாடியில் எளிதில் ஒட்டாது, அயற்பொருளினுள் ஊடுருவவுஞ் செய்யும். அதனைத் தடுக்க மேலும் ஒரு படை வேண்டும். ஒவ்வொரு வழியும் தொழிற்சாலையில் ஒரு படியைக் கூட்டுகின்றது. படி கூடுந்தோறும் செலவுங் கூடும், பழுதுங் கூடும்.

பளிங்கு திரும்பும் காலம்

மின்னேற்றம் புகுந்த மாத்திரத்தே ஒளி மாறிவிடுவதில்லை. சாளரத்தினுள் இருப்பது திரவப் பளிங்கு என்னும் வியத்தகு பொருள். அது திரவம் போல் ஓடும்; பளிங்கு போல் ஒழுங்குபட நிற்கவுஞ் செய்யும். ஒஸ்திரியத் தாவரவியலறிஞர் ரைனிற்சர் என்பார் 1888இல் அதனை முதலிற் கண்டார். ஒரு பொருள் 145.5 பாகை வெப்பத்தில் உருகிக் கலங்கலாகி, 178.5 பாகையில் மீண்டும் உருகித் தெளிவானது அவரை வியப்பில் ஆழ்த்திற்று. லிப்ரன் அவர்கள் அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னைத் தேயிலைத் தொழிற்சாலையை நிறுவிய 1890ஆம் ஆண்டுக்கு இரண்டு ஆண்டுகள் முன்னர் நிகழ்ந்தது இது. ஆனால் இக்கண்டுபிடிப்பு வீட்டுப் பொருளாகப் பயன்படுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது.

மின்னழுத்தம் மாறும்பொழுது இப்பளிங்கின் மூலக்கூறுகள் திரும்ப வேண்டும். அவை திரும்ப எடுக்கும் காலம் திரவத்தின் பிசுபிசுப்பையும் அது அடைபட்டுள்ள இடைவெளியையும் பொறுத்தது. இடைவெளி பாதியானால் காலம் நாலிலொன்றாகும் என்பது விதி. ஆதலின் விரைவு வேண்டுவோர் இடைவெளியைக் குறைக்கின்றனர். அவ்விடைவெளியோ முன்னரே சில மைக்கிரோமீற்றர் அளவினது. மனிதர் தலைமயிரின் தடிப்பில் மிகச் சிறு பங்கு. இரண்டடி அகலமுள்ள கண்ணாடி முழுவதும் இவ்வளவை ஒரே சீராகக் காத்தல் வேண்டும். தூசி ஒன்று இடையிற் புகுந்தாலும் அத்திரை பழுதாகும்.

இவற்றோடு அமையாது, மூலக்கூறுகளை விரைவுபடுத்த முதலிற் சிறிது கூடிய மின்னழுத்தத்தைக் கொடுத்துப் பின்னர்ச் சரியான அளவுக்கு இறக்கும் முறையையும் கையாளுகின்றனர். எந்த நிறத்திலிருந்து எந்த நிறத்துக்கு மாறும்பொழுது எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதற்குத் தனிப் பட்டியல் வேண்டும். அளவு மிஞ்சினால் ஓடும் உருவத்தின் பின்னே வெண்ணிழல் தோன்றும். மலிவான திரைகள் சில பெட்டியில் உயர்ந்த எண்ணை எழுதியும் பார்வைக்கு மங்கலாக இருத்தற்கு இப்பகுதியிற் காட்டிய சிக்கனமே பெரும்பாலும் காரணமாகும். எண்ணை எழுதுதல் எளிது. அவ்வெண்ணுக்கேற்பப் பளிங்கைத் திருப்புதல் அரிது. பொருள் வாங்குவோர் இதனை மறத்தல் ஆகாது.

செய்தி வரும் பாதை

திரைக்குள் நிகழ்வது ஒருபுறமிருக்க, கணினியிலிருந்து திரைக்கு வரும் செய்தியின் அளவையும் நோக்குவாம். ஒரு படத்துக்கு ஏறத்தாழ ஐந்து கோடி பிற்றுகள் வேண்டும். 60 ஹேர்ட்ஸில் நொடிக்கு ஏறத்தாழ 300 கோடி. 240 ஹேர்ட்ஸில் 1200 கோடி. 2009இல் வெளிவந்த எச்.டி.எம்.ஐ. 1.4 என்னும் இணைப்பு முறை நொடிக்கு 816 கோடி பிற்றுகளையே சுமக்க வல்லது. ஆதலின் உயர்ந்த வீதத் திரைக்குப் புதிய இணைப்பு முறையும், அதற்கேற்ற கம்பியும், அச்செய்தியை வாங்கி வரிவரியாகப் பங்கிடும் விரைவான கட்டுப்பாட்டுச் சில்லும் வேண்டும். புள்ளிகளின் தொகை நான்கு மடங்கான 4கே திரையில் இவ்வளவுகள் யாவும் நான்கு மடங்காகும்.

இன்னுமொன்று. விளையாட்டிற் கணினி வரையும் படங்கள் ஒரே சீராக வருவதில்லை. காட்சி சிக்கலானால் தாமதமாகும். திரை தன் போக்கிற் புதுப்பிக்க, கணினி தன் போக்கில் அனுப்பினால், மேற்பாதி ஒரு படமும் கீழ்ப்பாதி மற்றொரு படமுமாகக் கிழிந்து தோன்றும். இதனை நீக்குதற்கு, கணினிக்காகத் திரை காத்திருக்கும் முறையொன்றை என்விடியா நிறுவனம் 2013இல் அறிவித்தது. அதற்கெனத் தனி மின்பலகை ஒன்றைத் திரையினுள் வைக்க வேண்டியிருந்தமையால் அத்தகைய திரைகளின் விலை வெகுவாக உயர்ந்தது. 2014இல் அதே பயனைத் தரும் முறை டிஸ்பிளேபோர்ட் இணைப்பின் பொதுநியமத்திற் சேர்க்கப்பட்டது, ஏ.எம்.டி. நிறுவனம் அதனைப் பின்பற்றியது. 2019இல் என்விடியா நிறுவனமும் தனிப் பலகையில்லாத திரைகளை ஏற்றுக்கொண்டது. விலையின் ஒரு பகுதி பொருளினாலன்றி உரிமையினாலும் உண்டாகின்றது என்பதற்கும், பொதுநியமம் வந்தவுடன் அப்பகுதி இறங்குகின்றது என்பதற்கும் இது நல்ல எடுத்துக்காட்டு.

தரம் பிரித்தலும் சிறு தொகையும்

திரைகள் தனித்தனியே செய்யப்படுவன அல்ல. 2.2 மீற்றர் அகலமும் 2.5 மீற்றர் நீளமும் உடைய பெருங்கண்ணாடியில் ஒருங்கே செய்து பின்னர் வெட்டப்படுகின்றன. வெட்டியபின் ஒவ்வொன்றையும் சோதிப்பர். 60 ஹேர்ட்ஸிற் குறையின்றி இயங்கும் திரை 240 ஹேர்ட்ஸில் நிறம் பிழைக்கலாம். சோதனை கடுமையானால் தேறுவன குறையும். தேறாதவற்றின் செலவையும் தேறியவையே சுமக்க வேண்டும்.

இந்நீதி நமக்குப் புதியதன்று. ஊவா மலைகளில் ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்கப்படுகின்றது. ஆயினும் ஆடி முதல் புரட்டாதி வரையுள்ள காலத்தில், வறண்ட காற்று வீசும் சில கிழமைகளிற் கிடைக்கும் தேயிலைக்கே அதற்குரிய தனி மணம் அமைகின்றது. அக்காலத்திற் கொழுந்தின் அளவு குறையும்; கொழும்பு ஏலத்தில் விலை கூடும். தொழிற்சாலையிற் சலித்துத் தரம் பிரிப்பவர், எல்லாத் தரத்துக்கும் உழைப்பு ஒன்றாயினும் விலை ஒன்றன்று என்பதை அறிவர். அருமையும் பெயரும் சேர்ந்தே விலையாகின்றன. திரையிலும் அவ்வாறே.

விற்கப்படும் தொகையும் விலையைத் தீர்மானிக்கும். அலுவலகத் திரைகள் கோடிக்கணக்கில் விற்கப்படுவன. மிக உயர்ந்த வீதத் திரைகளை வாங்குவோர் சிலர். ஆராய்ச்சிக்கும் அச்சுக்கும் சோதனைக் கருவிகளுக்கும் ஆன செலவு அச்சிலர்மீதே பகிரப்படும். நாள் செல்லச் செல்ல இது மாறும். 120 ஹேர்ட்ஸ் திரவப் பளிங்குத் திரைகள் 2009இல் கடைக்கு வந்தன. 144 ஹேர்ட்ஸ் திரை 2012இல் வந்தது. அக்காலத்தில் அவை அரும்பொருள்கள். 360 ஹேர்ட்ஸ் திரை 2020இலும் 540 ஹேர்ட்ஸ் திரை 2023இலும் வந்தபின், 144 ஹேர்ட்ஸ் சாதாரணமாகி, அலுவலகத் திரையின் விலைக்கு அணித்தாக வந்துவிட்டது. நேற்றைய உச்சிக்கு இன்று சிறிதளவே கூடக் கொடுத்தாற் போதும். இன்றைய உச்சிக்கோ பெருந்தொகை கொடுக்க வேண்டும்.

நம் நாட்டிற் கூடும் விலை

இதுவரை கூறியன உலகெங்கும் பொதுவானவை. நம் நாட்டில் வேறு இரு காரணங்களும் சேர்கின்றன. இத்திரைகள் யாவும் இறக்குமதிப் பொருள்கள். டொலரில் விலை பேசப்படுவன. 2022 மார்ச்சு தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்தது, அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபா அளவிற்கு உயர்ந்தது. பின்னர்ச் சிறிது தணிந்ததாயினும் பழைய நிலைக்கு மீளவில்லை. பெறுமதி சேர் வரியும் 2022இல் 8 வீதத்திலிருந்து படிப்படியாக 15 வீதமாகி, 2024 ஜனவரி முதல் 18 வீதமாயிற்று.

ஒரு கணக்குப் பார்ப்போம். இரு திரைகளின் விலை வேற்றுமை பிறநாட்டில் 100 டொலர் எனவும், டொலரின் பெறுமதி 300 ரூபா எனவும் கொள்வோமாயின், வேற்றுமை 30,000 ரூபாவாகும். அதன்மீது 18 வீத வரி 5,400 ரூபா. கப்பற் கூலியும் வணிகரின் இலாபமும் சேராமலே 35,400 ரூபா. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அச்சம்பளத்தில் இவ்வேற்றுமை மட்டும் 26 நாளுக்கு மேற்பட்ட உழைப்பாகும். திரையின் விலையன்று, இரு திரைகளுக்கிடையேயுள்ள வேற்றுமையின் விலையே அத்துணை என்பதை மாணவர் சிந்திப்பாராக.

பயன் எவ்வளவு?

விலைக்குக் காரணம் உண்டு எனக் கண்டோம். அவ்விலைக்கேற்ற பயன் உண்டோ என்பது வேறு வினா. 60இலிருந்து 144க்குச் செல்வதால் ஒரு படத்துக்கு மீதமாகும் காலம் 9.7 மில்லிசெக்கன். 144இலிருந்து 240க்குச் செல்வதால் 2.8. 240இலிருந்து 360க்கு 1.4. 360இலிருந்து 540க்கு 0.9. எண்கள் பெரிதாகிக்கொண்டே செல்ல, பயன் சிறிதாகிக்கொண்டே செல்கின்றது. விலையோ எதிர்த்திசையில் ஏறுகின்றது. முதற்படியிலேயே பெரும்பயன் கிடைத்துவிடுகின்றது என்பது இதனாற் பெறப்படும்.

இணையத்தின் வழியே விளையாடுவோர் மற்றொன்றையும் கருத வேண்டும். எதிராளி சிங்கப்பூரிலுள்ள கணினியின் வழியே இணைவானாயின், கொழும்பிலிருந்து அவ்விடத்துக்கு நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். கண்ணாடியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். சென்று மீள 27 மில்லிசெக்கன் கட்டாயம் வேண்டும். அப்புத்தளையிலிருந்து கொழும்புக்குச் செல்லும் காலமும், இடையிலுள்ள கருவிகளின் தாமதமும் இதிற் சேரவில்லை. இயற்கை விதித்த இத்தாமதத்தின் முன், 240க்கும் 360க்கும் இடையிலான 1.4 மில்லிசெக்கன் மிகச் சிறிதேயாம். பலரும் ஒரே மண்டபத்திலிருந்து ஆடும் போட்டியிலோ கதை வேறு. ஆங்கு அத்தூரம் இல்லை. வெற்றியும் தோல்வியும் சிறு கணத்திலே தங்கும். 2018இல் ஜகார்த்தாவில் காட்சிப் போட்டியாகவும், 2023இல் ஹங்சூவிற் பதக்கப் போட்டியாகவும் ஆசிய விளையாட்டு விழாவில் இடம்பெற்ற கணினி விளையாட்டில் ஈடுபடுவோர்க்கு அத்தகைய திரை தொழிற்கருவியாகும். ஓட்டவீரனுக்கு நல்ல காலணி எத்தகையதோ அத்தகையது அது.

தொடக்கத்திற் கூறிய வேற்றுமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. திரை நொடிக்கு 240 முறை காட்ட வல்லதாயினும், கணினி 70 படங்களையே வரையுமாயின், காணப்படுவன 70 படங்களே. 240 படங்களை வரைய வல்ல வரைகலை அட்டையின் விலை பல வேளைகளிற் திரையின் விலையையும் விஞ்சும். கணினிக்கு ஏற்ற திரையைக் கொள்ளாது திரையை மட்டும் உயர்த்துதல், சிற்றோடையின் குறுக்கே பெரும் பாலம் கட்டுதலை ஒக்கும்.

முடிவுரை

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்து, உயர்ந்த வீதத் திரையின் கூடிய விலை வெறும் ஏமாற்றன்று என்பது தெளிவாகும். சிறிய காலத்துள் பெரிய வேலையைப் பிழையின்றிச் செய்விப்பதற்கு நாம் கொடுக்கும் கூலியே அது. கதவும் குழாயும் பளிங்கும் சில்லும் சோதனையும் அதிற் பங்குபெறுகின்றன. உரிமையும் அருமையும் நாணய மாற்றும் வரியும் தத்தம் பங்கைச் சேர்க்கின்றன.

புதிதாகத் திரை வாங்கும் மாணவர்க்கு எம் கருத்து இது. எழுதவும் படிக்கவும் கணிக்கவும் நிரல் இயற்றவும் சாதாரணத் திரையே முற்றும் போதுமானது. விளையாட்டிலும் விருப்புடையோர், விலை சிறிதே கூடுமாயின், 100 முதல் 144 ஹேர்ட்ஸ் வரையுள்ள திரையைக் கொள்ளலாம். அதற்கு மேற்பட்டவற்றைப் போட்டியிற் புகுவோர்க்கே விட்டுவிடல் நன்று. எதனை வாங்கினும், பெட்டியிலுள்ள எண்ணைப் பார்த்தமையாது, ஓடும் படத்தைக் கடையிலேயே இயக்கிப் பார்த்து வாங்குக.

பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். க.பொ.த. சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் கற்கும் மாணவர் நம் மலையகத்திற் பலர். ஒரே கணினியின் முன் மூவரும் நால்வரும் நெருங்கி அமர்ந்து கற்கும் நிலை நம் பகுதிப் பாடசாலைகளில் இன்னும் உண்டு. கல்லூரிக்குக் கணினி வழங்க முன்வரும் அன்பர்கள், மிக விரைந்த திரையொன்றன் விலைக்குச் சாதாரணத் திரைகள் இரண்டோ மூன்றோ வாங்கலாம் என்பதை மனங்கொள்வாராக. பின்வரிசையில் நின்று எட்டிப் பார்க்கும் மாணவனுக்கு 240 ஹேர்ட்ஸ் திரையினும், தன் முன்னே தனக்கென ஒரு திரை இருப்பதே பெரும்பேறு. விழா நிறைவெய்திய பின்னர்க் கல்லூரிக்கு வழங்கப்படும் கொடைகள் இம்முறை அறிந்து வழங்கப்படுமாயின், இக்கட்டுரையின் பயன் நிறைவெய்தியதெனக் கொள்வோம்.